மணல் தாங்கும், ஓடாத வரை

ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் பழவேற்காடு ஏரி, நடுவில் மணல் திட்டு. அதன் மேல்தான் லைட்ஹவுஸ் குப்பம் இருக்கிறது. இங்கே வீடு கட்டும் பேச்சு எழுந்தால், மணலில் கடைக்கால் எப்படி நிற்கும் என்ற சந்தேகமும் கூடவே எழும். நிலைக்காததை ‘மணல் வீடு’ என்றே சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் ஊருக்குப் பெயர் தந்த கலங்கரை விளக்கமே அந்த மணலில்தான் நிற்கிறது. மணலுக்குப் பலம் போதாது என்பதல்ல இந்தக் கரையின் சிக்கல். மணல் இடம் மாறுகிறது என்பதே சிக்கல்.

கணக்கைப் பார்ப்போம். காங்கிரீட் கூரை போட்ட, மாடி இல்லாத ஒரு செங்கல் வீட்டில், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளமும் ஏறக்குறைய 2.5 டன் எடையைக் கீழே இறக்கும். வாணம் 60 செ.மீ. அகலம் என்றால் சதுர மீட்டருக்கு 4 டன்னுக்குச் சற்று மேல். கடைக்காலின் சொந்த எடையும் சேர்ந்தால் 5 டன். இறுகாத, உலர்ந்த நுண்மணலுக்கே சுமார் 10 டன் வரை கணக்கில் எடுப்பது வழக்கம். ஆனால் இங்கே சில அடி தோண்டினாலே தண்ணீர். நீரில் மூழ்கிய மணல்துகள்களின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். துகளைத் துகள் அழுத்திப் பிடிக்கும் பிடியும் அந்த அளவுக்குத் தளரும். மண்ணின் பலம் இந்தப் பிடியில்தான் இருக்கிறது என்பதை விளக்கியவர் கார்ல் டெர்சாகி. அவருடைய மண் இயக்கவியல் நூல் 1925-இல் வெளிவந்தது. ஆகவே பாதுகாப்புக்காக 10 டன்னைப் பாதியாக்கி 5 என்றே கணக்கில் எடுப்பார்கள். விளிம்பில் நிற்கும் கணக்குதான், ஆனாலும் வாணத்தை 90 செ.மீ. அகலமாக்கினால் சுமை 4 டன்னுக்குள் அடங்கிவிடும்.

அகலத்தால் தீராதது அரிப்பு. அலை திரும்பும்போது கரையில் நிற்பவரின் குதிகாலைச் சுற்றி மணல் கரையும். உடம்பின் எடை கூடவில்லை, ஆனாலும் கால் புதையும். பக்கத்து மணல் அணைத்துப் பிடிப்பதால்தான் அடிமணல் சுமக்கிறது. அந்த அணைப்பு போனால் தாங்குதிறனும் போகும். 2004 சுனாமியில் தமிழகக் கரையோரத்தில் பல கட்டடங்களின் மூலைகளில் இப்படித்தான் மண் அரித்துப்போய், மேலே சுவர் விண்டது.

ஓலைக்குடிசையில் கடைக்காலே இல்லாமல் முன்னோர் வாழவில்லையா என்று கேட்கலாம். வாழ்ந்தார்கள். எடை குறைந்த குடிசை, மணல் நகர்ந்தால் தானும் நகர்ந்தது. அதுவும் ஒரு கடைக்கால் அறிவுதான். காங்கிரீட் வீட்டுக்கு அந்த வசதி இல்லை. அரிப்புக்குத் தப்ப ஆழத்துக்குப் பைல் தூண்கள் இறக்கலாம் என்றால், காசுக்கு எங்கே போவது என்ற கேள்வி இன்னும் நியாயமானது. எல்லா வீட்டுக்கும் பைல் தேவையில்லை. மணல்மேட்டுக்குப் பின்னால் தள்ளிக் கட்டுவதும், சுவர்களுக்கு அடியில் கம்பி கட்டிய பீம் ஓட்டி மூலைகளைப் பிணைப்பதும், மேட்டைப் பிடித்து நிறுத்தும் அடும்பங்கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் வெட்டாமல் விடுவதும் பைலைவிடச் செலவு குறைந்தவை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்காமலிருக்கக் கடைக்காலில் குறைந்தது 5 செ.மீ. காங்கிரீட் மூடியிருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

மண் சோதனையையும் ஒரு தெருவே பங்கு போட்டுச் செய்யலாம். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுவார்கள். அந்த எண், மணலின் இறுக்கத்தைச் சொல்லும், அரிப்பைச் சொல்லாது. அதற்கு, பெரிய புயலுக்குப் பிறகு கரை எவ்வளவு தாழ்ந்தது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். வாணத்தின் ஆழத்தை அந்தத் தாழ்ந்த மட்டத்திலிருந்து அளக்க வேண்டும், இன்று காலடியில் தெரியும் தரையிலிருந்து அல்ல.