மூன்றாவது கம்பி

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், மாவு அரைத்துக்கொண்டிருந்த அம்மா, "கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்கிறதடா" என்றார். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரிந்தது. மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைத் திறந்தால், பச்சைக் கம்பி எதிலும் பொருத்தப்படாமல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பொருத்தியவர் அதை வேண்டாத கம்பி என்று கருதிவிட்டார் போலும்!

"ப்யூஸ் இருக்கிறதே, பயமென்ன?" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ப்யூஸ் காப்பது கம்பியை, மனிதனை அன்று. சிறு கணக்கொன்று போடுவோம். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஈரக் கையும் வெறுங்காலுமாக நிற்பவரின் உடல் தடை சுமார் 1000 ஓம் என்று கொண்டால், ஓம் விதிப்படி அவர் உடலில் பாய்வது 0.23 ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இது போதும். ஆனால் 60 வாட் குண்டு பல்பு எடுப்பதைவிட இது குறைவு. 5 ஆம்பியர் ப்யூஸ் இதைப் பொருட்படுத்துமா?

இங்கேதான் மூன்றாவது கம்பி துணைக்கு வருகிறது. கருவியின் உலோக உடலை அது நிலத்தோடு இணைக்கிறது. உள்ளே பேஸ் கம்பி உடலைத் தொட்டுவிட்டால், பல ஆம்பியர் இவ்வழியே பாய்ந்து ப்யூஸை உருக்கிவிடும். பிளக்கின் பெரிய முள் நீளமாக இருப்பது, செருகும்போது முதலில் தொடவும் பிடுங்கும்போது கடைசியில் விலகவுமே. விடுதி அறையில் தீக்குச்சி வைத்து இரண்டு கம்பிகளை மட்டும் செருகும் நண்பர்கள் (யாரென்று சொல்லமாட்டேன்) கவனிப்பார்களாக!

கம்பி மட்டும் போதாது. அது சேரும் குழியும் நன்றாக இருக்கவேண்டும். சுமார் 2.5 மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைப் புதைத்துச் சுற்றிலும் கரியும் உப்பும் இடுவது வழக்கம். மண் காய்ந்தால் தடை ஏறும். அது 46 ஓமாகிவிட்டால் பாய்வது 5 ஆம்பியரே; ப்யூஸ் உருகாது, கருவியின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான். கட்டட வயரிங்குக்கு ஐ.எஸ். 732, நிலத்தொடர்புக்கு ஐ.எஸ். 3043 என இந்தியத் தர விதிகள் உள்ளன.

இக்குறையை ஈடுசெய்வது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தாலே கணத்தில் துண்டித்துவிடும். எனினும் ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அதுவும் அறியாது.

எங்கள் பச்சைக் கம்பியை முடுக்கி, குழியில் இரண்டு குடம் தண்ணீரும் ஊற்றினேன். டெஸ்டர் எரியவில்லை. கசிவு சிறிதாகையால் ப்யூஸும் போகவில்லை. ஆனால் மோட்டாரின் காப்புறை தேய்ந்திருப்பது உறுதி. மறுநாளே கிரைண்டரைப் பழுதுபார்க்க அனுப்பினோம், அதுவரை ஆட்டுக்கல்தான்.