சரிவில் ஏறும் மாடிகள்

2020 செப்டம்பர் 20ஆம் திகதி அதிகாலை, கண்டி பூவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டடமொன்று சரிந்து பக்கத்து வீட்டின்மேல் விழுந்தது. அந்த வீட்டிலிருந்த தாய், தகப்பன், கைக்குழந்தை மூவரும் இறந்துபோனார்கள். கட்டியவர் வேறு, மாண்டவர்கள் வேறு.

சமநிலத்தில் வீடு இடிந்தால் அநேகமாகக் கட்டியவர் தலையில்தான் விழும். நமது வத்தேகம போன்ற சரிவில் கீழ்வீட்டார் தலையில் விழும். "என்ட காணி, என்ட காசு" என்ற பேச்சு இங்கே செல்லாது. அயல்வீட்டாரின் ஹக்கும் அதில் இருக்கிறது.

சரிவைச் செங்குத்தாக வெட்டினால் மேலேயுள்ள மண் தாங்கலை இழக்கிறது. கான் இல்லாவிட்டால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கிப் பாரத்தைக் கூட்டுகிறது, பிடிமானத்தைத் தளர்த்துகிறது. இதற்குமேல் மாடி வேறு. மூத்த மகளுக்குக் கீழே, அடுத்தவளுக்கு மேலே, கடைசி மகளுக்கு அதற்கும் மேலே என்று எழுப்புகிறோம். அத்திவாரமோ முதல் மருமகனை நினைத்துப் போட்டது!

சட்டம் இல்லாமலில்லை. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமே அனுமதி கேட்கிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். ஆனால் பிளான் பாஸானபின் ஏறும் மாடியைத்தான் கவனிக்க ஆளில்லை. ஒவ்வொரு புது மாடிக்கும் அத்திவாரம், கான், மண்ணைத் தாங்கும் சுவர் மூன்றையும் பொறியியலாளர் மறுபடி பார்த்துக் கையொப்பமிட வேண்டுமென்று நகர சபை பிடிவாதமாக நிற்கட்டும். செலவு கூடும்தான். கம்பிக்கும் சீமெந்துக்கும் கொட்டுகிற காசோடு பார்த்தால் அது கொஞ்சம்.