வரதட்சிணையா, வெளிநாட்டுப் படிப்பா?

சரித்திரத்தை ஏட்டில் கற்போர் பலர். தேடிச் சென்று கண்டு கற்போர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ரொமிலா தாப்பர் அம்மையார்.

சேர்த்த பணம் வரதட்சிணைக்கா, வெளிநாட்டுப் படிப்பிற்கா என்ற கேள்வி எழுந்தபொழுது, படிப்பையே தேர்ந்தவர் இவர். லண்டன் சர்வகலாசாலையில் அறிஞர் ஏ. எல். பாஷாமின் கீழ் அசோகரைப் பற்றி ஆராய்ந்தார்.

அவ்வாராய்ச்சி முடியுமுன்னரே, 1957-ஆம் ஆண்டில், இலங்கைக் கலை வரலாற்றறிஞர் அனில் டி சில்வா அம்மையாருக்கு உதவியாளராகச் சீனா சென்றார். மைஜிஷான், துன்ஹுவாங் என்னும் பௌத்தக் குகைத் தலங்களை ஆராய்வதே நோக்கம். பாலைவன ஓரத்துத் துன்ஹுவாங்கில் 492 குகைகள் ஓவியங்களும் சிற்பங்களும் கொண்டு விளங்குகின்றன. பாரத நாட்டில் பிறந்த பௌத்தம், வணிகரும் துறவியரும் நடந்த வழியே சென்று, சீனத்துப் பாறையில் புதுவடிவம் பெற்றதை அங்கே கண்கூடாகக் காணலாம். அன்று எழுதிய நாட்குறிப்பு 2020-இல் நூலுருப் பெற்றது.

1958-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அசோகரைப் பற்றிய நூல் 1961-இல் வெளிவந்தது.

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்து, பெண்மக்களுக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் நம்மவர் சிந்திப்பாராக. பொன் பெட்டியில் உறங்கும். கல்வியோ உடையவளை உலகெங்கும் அழைத்துச் செல்லும்.