கரிநெருப்பின் அருகில்



பேதுரு ஆண்டவரை மறுதலித்தது எவ்விடத்தில் என்பதை நினைத்துப் பாருங்கள். தலைமைக் குருவின் முற்றத்தில், குளிர்காய மூட்டிய கரிநெருப்பின் அருகில் (யோவான் 18:18). உயிர்த்த ஆண்டவர் அதே பேதுருவைத் திபேரியக் கடற்கரையில் சந்தித்தபோதும் அங்கே கரிநெருப்பு இருந்தது (யோவான் 21:9). கிரேக்க மூலத்தில் கரிநெருப்பைக் குறிக்கும் அச்சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இவ்விரு இடங்களில் மட்டுமே வருகிறது. அந்தப் புகையின் மணம் பேதுருவின் நெஞ்சில் எதைக் கிளறியிருக்கும்! ஆண்டவரோ அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் அப்பமும் மீனும் கொடுத்தார். உண்டு முடித்த பின்னரே வினவினார்.

நம் பிள்ளைகளுக்கும் இத்தகைய கரிநெருப்புகள் உண்டு. மூன்றாந்தரத்தில் பயிலும் சிறுவன் திடீரெனக் கொப்பியை வீசியெறிகிறான். பாடசாலை செல்லும் காலைகளில் மட்டும் சிறுமிக்கு வயிறு வலிக்கிறது. பிடிவாதம், நடிப்பு என்று சொல்லிப் பிரம்பைத் தேடுகிறோம். தான் கோபமாயிருப்பதைப் பிள்ளை உணர்கிறது. அக்கோபத்தைக் கிளறியது எதுவென்பதை அது அறியாது. அறியாததை எப்படிச் சொல்லும்?

கல்முனையிலிருந்து பாலமுனை ஊடாகத் தெற்கே நீளும் அம்பாறைக் கரையோரத்தார்க்கு இது புதிய செய்தியன்று. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் மட்டும் 10,000 க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. அன்று ஞாயிறு, திருக்குடும்ப விழா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய யோசேப்பைப் பற்றியதே அன்றைய நற்செய்தி வாசகம். பின்னர் 2012 ஏப்ரல் 11 இல் சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தபோது, இலங்கையின் கரையோர மக்கள் மீண்டும் வீடுகளை விட்டு ஓடினர். பேரலை வரவில்லை. ஆனால் அன்று கைப்பிடித்து இழுத்துச் செல்லப்பட்ட பிள்ளைகளுள் ஏழு வயதுக்குக் குறைந்த எவரும் 2004 இல் பிறந்திருக்கவே இல்லை. அவர்கள் கண்டது அலையை அன்று, தாயின் முகத்தை.

பிள்ளையின் அச்சத்தைத் தூண்டுவது சில வேளைகளில் கடலோசையன்று, நம்முடைய குரலே என்பதை நாம் ஏற்க வேண்டும். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் இல்லங்களில் எழும் குரலைச் சற்றுக் கேட்டுப் பாருங்கள்!

மட்டக்களப்பில் 1996 இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. இயேசு சபைக் குருவும் உளவளத் துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவின் கலைஞர் போல் ஹோகனும் அதற்கு வித்திட்டனர். போரின் நடுவே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக வந்து களிமண் பிசைந்தனர், ஓவியம் வரைந்தனர், கதை கட்டி நடித்தனர். வாயால் சொல்ல இயலாததைக் கை சொல்லட்டும் என்று காத்திருக்கும் பொறுமை அப்பணியில் இருந்தது. அப்பொறுமை நம் இல்லங்களுக்கும் எட்டாததன்று.

பிள்ளை சீறி நிற்கும் வேளையில் காரணம் கேட்காதீர்கள். அப்போது விடை வராது. தண்ணீர் கொடுங்கள், அருகில் அமருங்கள். மாலைச் செபம் முடிந்த பின் மெதுவாகக் கேளுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? யார் என்ன சொன்னார்? உடம்பில் எங்கே முதலில் தெரிந்தது, வயிற்றிலா, நெஞ்சிலா? "ஏன் செய்தாய்?" என்பது பிள்ளைக்கு வழக்கு விசாரணை. "எதற்குப் பிறகு?" என்றால் அது யோசிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாள் இப்படிக் கேட்டால், சத்தம் போட்டுப் பெயர் அழைக்கும்போதுதான் தனக்கு அழுகை வருகிறது என்று பிள்ளையே ஒருநாள் கண்டுபிடிக்கும். சீற்றமடைந்த காயினிடம், அவன் குற்றம் புரியுமுன்னரே, கடவுள் சினத்தின் காரணத்தைத்தானே வினவினார் (தொடக்க நூல் 4:6). எல்லாம் அறிந்தவர் ஏன் கேட்டார்? காயின் தன்னைத் தானே பார்க்கட்டும் என்றுதான் போலும்.

ஆண்டுதோறும் டிசம்பர் 26 காலை 9.25 க்கு நாடெங்கும் இரண்டு நிமிட மௌனம் காக்கப்படுகிறது. அவ்வேளை உங்கள் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். ஒன்றுமில்லை என்று சொல்லி அப்பால் திரும்பாதீர்கள். அன்று நடந்தது என்ன, நாம் யாரை இழந்தோம், இனி அபாய அறிவிப்புக் கேட்டால் எந்த வழியாக எங்கே செல்வோம் என்பதை அமைதியாகச் சொல்லுங்கள். பிறகு, இதைக் கேட்கும்போது உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அது பேசும்வரை காத்திருங்கள்.