பி.எச்.பி. கொண்டு காணொலி ஸ்ட்ரீமிங் சேவையகம் அமைத்தல்: ஓசூர் – கிருஷ்ணகிரி கல்விச் சூழலை முன்வைத்து

முன்னுரை

2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டம் கர்நாடக எல்லையை ஒட்டியது. சிப்காட் தொழிற்பேட்டையால் வளர்ந்த ஓசூர்ப் பகுதியில் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வழங்குகின்றன. ஷிப்ட் வேலைக்குச் சென்றுகொண்டே பயில்வோருக்கு, தவறிய வகுப்பைப் பின்னர்க் காணும் வாய்ப்பு இன்றியமையாதது. இத்தகைய பாடக் காணொலிகளைக் கல்லூரி தன் சேவையகத்திலிருந்தே வழங்குவதில் பி.எச்.பி. மொழியின் இடம் யாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பி.எச்.பி.யின் பணி எல்லை

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பி.எச்.பி., ஒரு கோரிக்கைக்கு விடையளித்து உடன் முடிவுறும் செயல்களுக்கு ஏற்றது. காணொலியோ நெடுநேரம் தொடர்வது. இடைத்தேக்கம் இல்லாத அமைப்பில் காணொலியைப் பி.எச்.பி. வழியாகவே அனுப்பினால், ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு செயல்முறை முடங்கும். பி.எச்.பி.-எஃப்.பி.எம். மென்பொருளின் மாதிரி அமைப்புக் கோப்பில் உச்ச எண்ணிக்கை 5 மட்டுமே. ஆறாவது மாணவர் காத்திருக்க நேரும். எண்ணிக்கையை உயர்த்தினால் நினைவகச் செலவு பெருகும். ஆகவே பி.எச்.பி. வாயிற்காவலராக இருக்க வேண்டும். சுமை தூக்குபவராக இருத்தல் கூடாது.

பதிவேற்றமும் குறியாக்கமும்

நொடிக்கு 1.5 மெகாபிட் வீதத்தில் பதிவான ஒரு மணி நேரப் பாடம் ஏறத்தாழ 675 மெகாபைட் அளவுடையது. பி.எச்.பி.யின் இயல்பான பதிவேற்ற வரம்போ 2 மெகாபைட். எனவே கோப்பைச் சிறு துண்டுகளாகப் பெற்று, சேவையகத்தில் ஒன்றிணைப்பதே பொருத்தமானது. பதிவேற்றம் முடிந்ததும் பி.எச்.பி. அப்பணியைத் தரவுத்தள வரிசையில் குறித்துவிட்டு விலகும். பின்புலத்தில் இயங்கும் வேறொரு நிரல் அவ்வரிசையைப் படித்து, எஃப்எஃப்எம்பெக் கருவியால் காணொலியைப் பல தரங்களில் மாற்றும்.

வழங்கும் முறை

ஆப்பிள் நிறுவனம் 2009இல் அறிமுகப்படுத்திய எச்.எல்.எஸ். முறையில், காணொலி சில நொடித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றின் பட்டியல் ஓர் உரைக்கோப்பில் தரப்படும். இணைப்பு நலிந்தால் இயக்கி தானே குறைந்த தரத்துக்கு மாறும். மாணவரின் உரிமையைப் பி.எச்.பி. சரிபார்த்து, ‘எக்ஸ்-அக்செல்-ரீடைரக்ட்’ என்னும் தலைப்பை மட்டும் அனுப்பும். கோப்பை என்ஜின்எக்ஸ் வழங்கும். இதனால் ஒவ்வொரு பி.எச்.பி. செயல்முறையும் நொடிப்பொழுதில் விடுபடும்.

எனினும் இணைப்பின் கொள்ளளவு ஒரு வரம்பாகவே நிற்கும். 40 மாணவர் ஒரே வேளையில் 1.5 மெகாபிட் தரத்தில் கண்டால் நொடிக்கு 60 மெகாபிட் வெளியேற வேண்டும். 400 கிலோபிட் தரத்தில் 16 மெகாபிட் போதுமானது. கரும்பலகைப் பாடங்களுக்குக் குறைந்த தரத்தையும் ஆயத்தமாக வைப்பதன் தேவை இதனால் விளங்கும்.

பன்மொழித் தேவை

ஒரே காணொலிக்குப் பல ஒலித்தடங்களையும் வசனவரிகளையும் இணைக்க எச்.எல்.எஸ். இடமளிக்கிறது. வசனவரிகளுக்குரிய வெப்விடிடி கோப்புகள் யு.டி.எஃப்.-8 குறியேற்றத்தில் அமைவதால் தமிழ், தெலுங்கு, கன்னட எழுத்துகள் சிதைவின்றித் தோன்றும். காணொலியை மும்முறை குறியாக்க வேண்டியதில்லை.

தமிழ்ச் சூழலில் ஒரு முன்மாதிரி

இலங்கைத் தமிழ் ஆவணங்களைப் பேணும் நூலக நிறுவனத்தின் ‘ஆவணகம்’ என்னும் பல்லூடகக் காப்பகம் ஐலண்டோரா மென்பொருளைக் கொண்டு உருவானது. ஐலண்டோராவின் முகப்பு, பி.எச்.பி.யில் எழுதப்பட்ட துருபல் ஆகும். மூலக்கோப்பு தனியே காக்கப்பட, பார்வைக்குரிய படியை எஃப்எஃப்எம்பெக் உருவாக்கும் வகையில் அது வடிவமைக்கப்பட்டுள்ளது. மேற்கூறிய பணிப் பகுப்பு ஆவணக் காப்புக்கும் பொருந்துவதை இது காட்டுகிறது.

முடிவுரை

அனுமதி, பட்டியல், பணிவரிசை ஆகியன பி.எச்.பி.க்கும், குறியாக்கம் எஃப்எஃப்எம்பெக்குக்கும், கோப்பு வழங்கல் என்ஜின்எக்ஸுக்கும் உரியன. இக்கருவிகள் யாவும் கட்டணமின்றிக் கிடைப்பன. இப்பகுப்பைப் பின்பற்றினால், எளிய சேவையகத்தைக் கொண்டே எல்லைப்புறக் கல்லூரிகள் தம் பாடங்களைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டு, நலிந்த இணைப்பில் கைப்பேசி வழியே பயிலும் மாணவரையும் சென்றடைய இயலும்.