உப்பு கொட்டும்போது ஷட்டர் ஸ்பீட் எவ்வளவு?

மரக்காணம் உப்பளத்துல நான் முதல்முதலா எடுத்த படத்தை, அதுல இருந்த அக்காகிட்டயே காட்டினேன். தலையில சுமந்துட்டு வந்த உப்பைக் குவியல்ல கொட்டுற படம். பாத்துட்டு, “நான் சும்மா நிக்கிற மாதிரி இருக்கே தம்பி?”ன்னாங்க.

அவங்க சொன்னது சரிதான். நான் வச்சிருந்தது 1/2000. படம் செம ஷார்ப், ஆனா உப்பு அந்தரத்துல தொங்குது. அவங்க பட்ட பாடு படத்துல இல்லவே இல்ல.

சின்னதா ஒரு கணக்கு. ஒரு மீட்டர் கீழே விழுற உப்பு, தரையைத் தொடும்போது நொடிக்கு சுமார் 4.4 மீட்டர் வேகத்துல இருக்கும். 1/2000 நொடியில அது 2 மில்லிமீட்டர்தான் நகரும்; படத்துல உறைஞ்சு நிக்கும். 1/60-ல 7 சென்டிமீட்டர். அப்போ கோடா இழுக்கும், கொட்டுதுன்னு கண்ணு நம்பும். கொட்டுறப்போ அவங்க காலை ஊன்றி நிக்கிறதால முகம் பெரும்பாலும் கலையாது. பத்து எடுத்தா ரெண்டு தேறும், பரவாயில்ல.

வேகம் மட்டும் கணக்கில்ல. ஃபிரேமுக்குள்ள எவ்வளவு தூரம் நகருதுங்கிறதுதான் முக்கியம். வரப்புல உங்களை நோக்கி நடந்து வர்றவருக்கு 1/125 போதும். அவரே குறுக்கே போனா 1/250, 1/500 கேட்கும். பக்கத்துல கழுவெளி இருக்கு, 2021-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்ச இடம். அங்க பறக்குற பூநாரைக்கு 1/2000-ஏ வைங்க. இறக்கை நுனி உடம்பைவிட வேகமா அசையும்; 400 மி.மீ. லென்ஸ் உங்க கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிசாக்கும்.

மத்தியானம் 1/60 வைக்கிறது பெரிய தலைவலி. நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100, எஃப் 16 வச்சாலே 1/100 ஆகிடும். கீழே வெள்ளை உப்பு வேற வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பெரும்பாலான போன்ல அபர்ச்சரையும் மாத்த முடியாது. அதுக்குத்தான் என்டி ஃபில்டர், லென்ஸுக்குப் போடுற கூலிங் கிளாஸ்னு வச்சுக்கங்க. இல்லன்னா விடியறப்பவே போங்க. வெயிலுக்குப் பயந்து அவங்களும் அப்பவே வேலையில இறங்கிடுவாங்க.

இன்னொண்ணு, ஆட்டோவுல விட்டா கேமரா வெள்ளை உப்பைச் சாம்பலாக்கிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏத்திக்கங்க. லென்ஸ்ல உப்புத்தூள் பட்டா துணியால தேய்க்காதீங்க, கீறிடும். முதல்ல ப்ளோயரால ஊதி விடுங்க.