அரங்கில் ஒரு குரல், வீட்டில் ஒரு குரல்

வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் 1989-ஆம் ஆண்டு நடந்த ஒரு பாட்டுப் போட்டியைப் பற்றி மேற்கத்திய சங்கீத ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இறுதிச் சுற்றில் எல்லோர் வாயிலும் அடிபட்ட பெயர்கள் இரண்டு. சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்க் நகரிலிருந்து வந்த ட்மித்ரி ஹ்வரஸ்தோவ்ஸ்கி. அப்போது அவருக்கு வயது 26. வட வேல்ஸில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த பிரின் டெர்ஃபெல், அவருக்கு 23. முன்னவர் குரல் பாரிடோன், அதாவது ஆண் குரலில் உச்சமும் இல்லாமல் அடிமட்டமும் இல்லாமல் நடுவே நிற்கும் வகை. டெர்ஃபெலின் குரல் அதற்கும் சற்றுக் கீழே இறங்கி, இன்னும் கனத்து ஒலிப்பது.

ஹ்வரஸ்தோவ்ஸ்கி எடுத்துக்கொண்டது வெர்டியின் ‘டான் கார்லோ’ ஆப்பெராவில் ரோட்ரிகோ சாகும் கட்டம். நண்பனுக்காகப் பழியைத் தன் தலையில் சுமந்துகொண்டவன், சிறையில் குண்டடி பட்டு அந்த நண்பன் கையிலேயே உயிர் விடுகிறான். நீண்ட நீண்ட அடிகள். எங்கே மூச்சு எடுத்தார் என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு அடி இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு போகும். டெர்ஃபெல் பாடியது வாக்னரின் ‘பறக்கும் டச்சுக்காரன்’ ஆப்பெராவின் தலைவனுக்குரிய பெரிய தனிப்பாடல். ஏழு ஆண்டுக்கு ஒரு முறைதான் கரையேறலாம் என்ற சாபத்தோடு கடலில் அலையும் மாலுமியின் புலம்பல் அது. நடுவயது தாண்டிய பாடகர்களே யோசித்துத் தொடும் பாத்திரத்தை 23 வயதில் மேடையேற்றிய துணிச்சலை இப்போது பதிவில் பார்த்தாலும் மனம் பதறுகிறது.

முதல் பரிசு ரஷ்யருக்குப் போனது. பியானோ மட்டும் துணையிருக்கப் பாடும் தனிப்பாடல்களுக்கான பரிசு டெர்ஃபெலுக்கு. பத்திரிகைகள் ‘பாரிடோன்களின் போர்’ என்று பெயர் வைத்தன. தோற்றவர் என்று அன்று யாரையும் சொல்ல முடியவில்லை. இருவருமே பின்னால் உலகின் பெரிய ஆப்பெரா மேடைகள் பலவற்றில் பாடினார்கள். நடுவர்கள் சரியாகத்தான் தீர்ப்பளித்தார்களா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

கார்டிஃபில் செயின்ட் டேவிட்ஸ் ஹால் என்ற அரங்கம் 1982-இல் திறந்தது. சுமார் 2,000 பேர் உட்காரலாம். ஒலி நயத்துக்குப் பெயர் பெற்ற அந்த அரங்கின் வருகையைக் கொண்டாடும் விதமாக பிபிசி 1983-இல் தொடங்கியதுதான் இந்த ‘உலகப் பாடகர்’ போட்டி. முதல் பரிசை வாங்கியவர் பின்லாந்தின் காரிட்டா மட்டிலா; வயது 22. அதன் பின் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உலகெங்கிலுமிருந்து இளம் பாடகர்கள் வருகிறார்கள். முழு இசைக்குழுவோடு ஒவ்வொருவரும் ஏறக்குறைய கால் மணி நேரம் பாடுவார்கள். வடிகட்டப்பட்டு ஐந்து பேர் இறுதிக்கு வருவார்கள். அத்தனையும் வானொலியில் வரும், தொலைக்காட்சியில் வரும். வழக்கு பிறப்பது இங்கேதான்.

ஆப்பெராப் பாடகர் மைக் வைத்துப் பாடுவதில்லை. முன்னால் அறுபது எழுபது வாத்தியங்கள் முழங்க, வெறுந்தொண்டையால் கடைசி வரிசை வரை எட்ட வேண்டும். இது வெறும் சத்தத்தால் ஆகிற காரியமில்லை. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஒலியியல் அறிஞர் யோஹான் சுண்ட்பெர்க் 1970-களில் இதன் சூட்சுமத்தை விளக்கினார். இசைக்குழுவின் ஒலி வலிமை பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிக் குவிகிறது. அதற்கு மேலே போகப்போக மெலிகிறது. தேர்ந்த பாடகர் குரல்வளைக்கு மேலுள்ள சிறு இடைவெளியை ஒரு விதமாக அமைத்துக்கொண்டு, 3,000 ஹெர்ட்ஸை ஒட்டித் தன் குரலில் ஒரு கூர்மையை உண்டாக்குகிறார். வாத்தியங்கள் மெலிந்திருக்கும் அந்தச் சந்தில் குரல் நுழைந்து வெளியே வந்துவிடுகிறது. மனிதக் காதும் அந்த வட்டாரத்தில்தான் மிக நுட்பமாகக் கேட்கும். கனமான குரல் என்று நாம் வியக்கும்போது, உண்மையில் வியப்பது பெரும்பாலும் இந்தக் கூர்மையைத்தான்.

அரங்கில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு இந்தச் சாமர்த்தியம் உடனே தெரிந்துவிடும். யார் குரல் வாத்தியங்களைத் தாண்டி வருகிறது, யார் குரல் பித்தளைக் குழல்கள் முழங்கியதும் மூழ்குகிறது என்பது அவர் காதுக்கு நேரடிச் சாட்சி. வீட்டில் இருப்பவருக்கு அந்தச் சாட்சி கிடைப்பதில்லை. ஒலிபரப்புக்காக மேடையில் தனி மைக்குகள் உண்டு. குரல் எவ்வளவு, வாத்தியம் எவ்வளவு என்ற விகிதத்தை ஒலிப் பொறியாளர் முடிவு செய்கிறார். சின்னக் குரலும் அங்கே ராஜகம்பீரமாக வந்து நிற்கும். மாறாக, அரங்கை நிறைக்கும் பெரிய குரல் மைக்குக்குப் பக்கத்தில் கரகரப்பாகவும் கடினமாகவும் கேட்டுவிடுவதும் உண்டு. தொலைக்காட்சியில் இன்னொன்றும் சேர்கிறது: முகம். கண்ணோரம் துளிர்க்கும் ஒரு துளியைக் கேமரா அண்மையில் பிடித்துக் காட்டினால், சற்று இறங்கிப்போன சுருதியையும் மனம் மன்னித்துவிடுகிறது.

தமிழ் ரசிகர்களுக்கு இது புதிய செய்தியில்லை. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி ஆள் வரை குரலைக் கொண்டுசேர்த்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. மைக் வந்த பிறகு கர்நாடக சங்கீத மேடையில் ஆண்கள் பாடும் கட்டையே கீழே இறங்கிவிட்டது. அதோடு, கத்திப் பாட வேண்டிய தேவை போனதால் நுணுக்கமான கமகங்களும் மெல்லிய கார்வைகளும் கேட்பவர் காதுக்கு வந்து சேர்ந்தன. கருவி மாறினால் ரசனையின் அளவுகோலும் மாறும். மேற்கத்திய ஆப்பெரா இன்னும் பழைய அளவுகோலை மேடையில் விடாமல் பிடித்திருக்கிறது. அதை வீட்டில் கேட்பவரிடம் இருப்பதோ வேறு அளவுகோல்.

கார்டிஃப் போட்டியில் பொதுமக்கள் வாக்களிக்கும் ரசிகர் பரிசும் உண்டு. அந்தப் பட்டியலைப் பார்த்தால் பிளவு கண்கூடாகத் தெரிகிறது. 2015-இல் முதல் பரிசு பெலாரஸின் நடீன் கூச்சருக்கு. ரசிகர் பரிசு மங்கோலியாவின் அமர்துவ்ஷின் எங்க்பத்துக்கு. 2019-இல் நடுவர்கள் உக்ரைனின் ஆந்த்ரே கீமாக்கைத் தேர்ந்தார்கள். மக்கள் இங்கிலாந்தின் கேட்டி பிரேயை. நடுவரும் மக்களும் ஒன்றுபட்ட ஆண்டும் உண்டு: 2011-இல் மால்டோவாவின் வாலென்டினா நஃபோர்னிட்சா இரண்டையும் அள்ளினார்.

2017-இன் கதை இன்னும் ருசியானது. ஸ்காட்லாந்தின் கேட்ரியோனா மோரிசன் தன் சுற்றில் ஜெயிக்கவே இல்லை. மீதமிருந்த ஒரே ஓர் இடத்துக்கு நடுவர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். இறுதியில் முதல் பரிசே அவருக்கு. தனிப்பாடல் பரிசிலும் மங்கோலியாவின் அரியுன்பாத்தர் கன்பாத்தரோடு பாதிப் பங்கு. போட்டி தொடங்கி 34 ஆண்டுக்குப் பிறகு முதல் பரிசு பெற்ற முதல் பிரிட்டிஷ் பாடகர் அவர். அந்த ஆண்டின் ரசிகர் பரிசு இங்கிலாந்தின் லூயிஸ் ஆல்டருக்குப் போனது. ஒரு நாள் பாட்டை வைத்து ஒருவரைக் கழித்துவிடக் கூடாது என்பதற்கு மோரிசனைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அப்படியானால் வீட்டில் உட்கார்ந்து எதைத்தான் எடைபோடுவது? பொறியாளர் கை வைக்க முடியாதவை நிறைய இருக்கின்றன. மூச்சு ஒன்று: அடியின் நடுவில் உடைகிறதா, சொல்லின் முடிவில் எடுக்கிறாரா. மெல்லப் பாடுவது இன்னொன்று. உச்சத்தில் ஓங்கிப் பாடுவதைவிட, அதே உச்சத்தில் குரலைத் தணித்துச் சுருதி சிறிதும் நகராமல் நிறுத்துவது பல மடங்கு கஷ்டம். பாட்டுத் தேர்வையும் கவனிக்கலாம். கால் மணி நேரத்தில் தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறார், கைதட்டலுக்காக ஓர் உருப்படி சேர்த்தாரா என்பதில் அந்தப் பாடகரின் சங்கீத அறிவு முழுவதும் வெளியே வந்துவிடும்.

பெண் குரல்களைப் பற்றி ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். சோப்ரானோ பாடகியர் உச்சஸ்தாயியில் பாடும்போது சொல் புரியவில்லை என்று குறை சொல்பவர்கள் ஏராளம். அந்த உயரத்தில் குரல் எடுபட வேண்டுமானால் வாயை அகலத் திறந்தே ஆக வேண்டும். ‘இ’யும் ‘உ’வும் ‘ஆ’வை நோக்கிச் சாய்ந்துதான் தீரும். அது உச்சரிப்புப் பிழையாகாது. சொல் சுத்தத்தை அவர்களின் நடு ஸ்தாயியில் சோதிப்பதே முறை.

சொல்லும் பாவமும் தெரிய வேண்டுமென்றால் தனிப்பாடல் பரிசுக்கான பியானோச் சுற்றைக் கேட்க வேண்டும். ஷூபர்ட் தன் 18-ஆம் வயதில், 1815-இல், கதேயின் கவிதைக்கு மெட்டமைத்த ‘எர்ல்கோனிக்’ ஒன்றே போதும். இரவில் மகனை அணைத்துக்கொண்டு தந்தை குதிரையில் விரைகிறார். கதைசொல்லி, தந்தை, மகன், பிள்ளையை ஆசை காட்டி அழைக்கும் மாயாவி என நான்கு குரல்களையும் ஒரே பாடகர் பாட வேண்டும். குதிரைக் குளம்போ பியானோக்காரரின் வலக்கையில். வேடம் கிடையாது, விளக்கு கிடையாது. மகனின் பயத்துக்கும் மாயாவியின் கொஞ்சலுக்கும் குரலின் நிறம் மாறுகிறதா என்பதை மொழி தெரியாதவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். 2001-இல் ருமேனியாவின் மாரியஸ் பிரென்சியூவும் 2013-இல் அமெரிக்காவின் ஜேமி பார்ட்டனும் முதல் பரிசு, தனிப்பாடல் பரிசு இரண்டையும் தனித்தே வென்றார்கள். இரண்டு வித்தைகளும் ஒரே தொண்டையில் அமைவது எவ்வளவு அபூர்வம் என்பதை இப்பாட்டைக் கேட்டவர்கள் உணர்வார்கள்.

வீட்டிலிருந்தே ஆப்பெரா கேட்கும் இந்தப் பழக்கத்துக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. 1910 ஜனவரியில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவிலிருந்து வானொலி முன்னோடி லீ டி ஃபாரஸ்ட், புகழ்பெற்ற பாடகர் கரூசோவின் குரலைக் காற்றில் அனுப்பிப் பார்த்தார். 1931 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிய அந்த அரங்கின் வானொலி ஒலிபரப்பு சனிக்கிழமை மதியங்களின் வழக்கமானது. ஆப்பெரா அரங்கின் வாசலையே மிதிக்காத எத்தனையோ அமெரிக்கக் குடும்பங்களுக்கு அந்த வானொலிப் பெட்டிதான் அரங்கம்.

2021-இல் பெருந்தொற்றால் கார்டிஃப் போட்டி பார்வையாளர்கள் இல்லாமல் நடந்தது. வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் பாடி வென்றவர் கொரியாவின் கிம் கிஹூன். ரசிகர் பரிசும் கொடுக்கப்பட்டது. வாக்களித்த எல்லோரும் அந்த ஆண்டு வீட்டில் கேட்டவர்களே. 2023 செப்டம்பரில் செயின்ட் டேவிட்ஸ் ஹால் மூடப்பட்டது. கூரையில் இருந்த இலகுவகைக் கான்கிரீட் நம்பத் தகாதது என்று தெரியவந்ததே காரணம். 2025-இல் போட்டி நடக்கவில்லை.

ஹ்வரஸ்தோவ்ஸ்கி 2017 நவம்பரில், 55 வயதில், மூளைக் கட்டியால் காலமானார். அவ்வாண்டு மே மாதம், நோயோடு போராடிக்கொண்டே, மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவின் விழா மேடையில் முன்னறிவிப்பில்லாமல் தோன்றி ‘ரிகோலெட்டோ’விலிருந்து ஒரு பாட்டுப் பாடினார். அந்தப் பதிவையும் 1989 கார்டிஃப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். முதலில் படம் இல்லாமல், ஒலியை மட்டும்; பிறகு படத்தோடு.